ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் சீனிவாச ராமானுஜனின் நீண்ட கட்டுரை ஒன்று வெளியானது. உயர் பகு எண்களைப் பற்றியது அது. கும்பகோணத்திலிருந்தும் சென்னைத் துறைமுகக் கணக்கர் வேலையிலிருந்தும் கேம்பிரிட்ஜுக்குப் போய்ச் சேர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தக் கட்டுரையில் ஒரு பட்டியல் உண்டு. 2இல் தொடங்கி 6746328388800இல் முடிகிறது. மொத்தம் 102 எண்கள். கணினி கிடையாது, கணக்கிடும் எந்திரத்தின் துணையும் கிடையாது. கையால் போட்ட அந்தக் கணக்கைப் பின்னாளில் சரிபார்த்தவர்கள் ஒரே ஒரு குறையைத்தான் கண்டார்கள். பட்டியலில் இருக்க வேண்டிய 103 எண்களில் ஒன்று விடுபட்டிருந்தது. 2 முதல் எண்ணிக்கொண்டு வந்தால் 90ஆவதாக வர வேண்டியது: 293318625600. சொல்லால் சொன்னால், 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

ராமானுஜன் எண் என்றதும் நமக்கு 1729தான் நினைவுக்கு வரும். அதைப் பற்றிப் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. அவர் சொன்ன அந்த எண்ணைவிட, அவர் சொல்லாமல் விட்ட இந்த எண்ணுக்குச் சரக்கு அதிகம் என்பது என் எண்ணம். அது எப்படி விடுபட்டிருக்கக்கூடும் என்று தேடிப்போனால், உயர் பகு எண்களின் உள்ளமைப்பு முழுவதையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

முதலில், உயர் பகு எண் என்றால் என்ன? தனக்கு முந்தைய எந்த எண்ணைக் காட்டிலும் அதிக வகுத்திகளைக் கொண்ட எண். 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள். 12க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. ஆகவே 12 உயர் பகு எண். 24, 36, 48, 60 என்று தொடரும். 60க்குப் பன்னிரண்டு வகுத்திகள். எதையும் பங்கு போட வசதியான எண்களாக இவற்றை மனிதர்கள் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். பாபிலோனியர்கள் 60ஐ அடிப்படையாக வைத்து எண்ணினார்கள். நம்மிடம் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஆண்டுச் சுற்றுக்கு 60 பெயர்கள். பிளேட்டோ தம்முடைய 'சட்டங்கள்' நூலில் ஒரு கற்பனை நகரத்தை அமைக்கும்போது 5040 குடும்பங்கள் இருக்கட்டும் என்கிறார். அந்த எண்ணைத் தவிர்த்து அதற்கு 59 வகுத்திகள் உண்டு, 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும், எனவே வரிக்கும் போருக்கும் பிரிக்கத் தோதானது என்பது அவர் சொல்லும் காரணம். இந்த 5040ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுத்திகளை ஒவ்வொன்றாக எழுதி எண்ண வேண்டியதில்லை. 60ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2² × 3 × 5. 60இன் ஒரு வகுத்தியை உருவாக்கும்போது 2ஐ எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம், மூன்று வழி. 3ஐ எடுக்கலாம், விடலாம், இரண்டு வழி. 5க்கும் அப்படியே. 3 × 2 × 2 = 12. அடுக்குகள் ஒவ்வொன்றோடும் 1ஐக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை வந்துவிடும். விடுபட்ட எண்ணைப் பிரித்தால் இப்படி வரும்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

வகுத்திகள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. பிளேட்டோவின் எண்ணேதான். இது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்பதற்கு ஓர் அளவு: இந்தப் பருமனில் உள்ள எண்களுக்குச் சராசரியாக 27, 28 வகுத்திகள்தான் இருக்கும். 1 முதல் 22 வரை எந்த எண்ணாலும் இது மீதியின்றி வகுபடும். முதன்முதலில் வகுக்க மறுப்பது 23. இந்த 23தான் பின்னால் கதையின் மையமாகப் போகிறது.

வகுத்திகள் எப்போதும் இணை இணையாக வரும். 5040 என்றால் 2520 இணைகள். இரு உறுப்புகளும் ஒன்றை ஒன்று மிக நெருங்கி நிற்கும் இணை எது என்று பார்த்தேன்: 541450 × 541728. இவற்றின் சராசரி 541589. அதன் வர்க்கத்திலிருந்து 139இன் வர்க்கத்தைக் கழித்தால் நம் எண் கிடைக்கிறது. எண்ணின் வர்க்கமூலமோ 541588.98. சராசரி அதற்குக் கீழே இறங்க முடியாது என்பதால் இதைவிட நெருங்கிய இணைக்கு இடமே இல்லை. வகுத்திகளில் சரிபாதி 541450க்குள் அடங்கிவிடுகின்றன, மறுபாதி 541728இல் தொடங்குகிறது.

இனி அந்த எண்ணின் வடிவத்தைப் பார்ப்போம். அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. ஏறாமல் இறங்கிக்கொண்டே போகின்றன. இது தற்செயல் அன்று. எல்லா உயர் பகு எண்களுக்கும் உள்ள குணம். 3க்கு அடுக்கு 2, 5க்கு அடுக்கு 4 என்று ஓர் எண் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப்போட்டாலே வகுத்தி எண்ணிக்கை குறையாமல் சிறிய எண் ஒன்று கிடைத்துவிடும். பிறகு பெரியது எப்படி உயர் பகு எண்ணாக இருக்க முடியும்? கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்பதையும் ராமானுஜன் நிறுவினார். விலக்கு இரண்டே இரண்டு: 4, 36.

இந்த நிபந்தனைகளோடும் தேடல் எளிதாகிவிடாது. 2க்கு எத்தனை அடுக்கு, எந்தப் பகா எண்ணோடு நிறுத்துவது என்பதில்தான் போட்டி முழுவதும். 29 வரை போகலாமே என்று ஒருவர் கேட்கலாம். 2 முதல் 29 வரையுள்ள பத்துப் பகா எண்களையும் பெருக்கினால் 6469693230. இதைப் பெருக்க நமக்கு 45 மடங்குக்குத்தான் இடம் இருக்கிறது. 46 மடங்கு போனால் நம் எண்ணைத் தாண்டிவிடும். இருக்கும் இடத்தில் சிறந்தது 36ஆல் பெருக்குவது: 232908956280. வகுத்திகள் 4096. போதாது. 23இல் நிறுத்திக்கொண்டு 7க்கு இன்னோர் அடுக்கு தரலாமா? 281097016200 கிடைக்கும், 4608 வகுத்திகள். அதுவும் போதாது. நம் எண்ணுக்குக் கீழே உள்ளவற்றில் முன்னணியில் இருப்பது 240940299600, அதாவது 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. அதற்கு 4800. அதை மிஞ்சித்தான் 5040 உடைய நம் எண் வருகிறது. அடுத்து 321253732800 வந்து 5376ஆக உயர்த்துகிறது.

இந்த வட்டாரத்தைச் சற்று விரித்துப் பார்த்தால் இரண்டு குடும்பங்கள் மாறி மாறி வருவது தெரியும். ஒரு குடும்பம் 19ஓடு நின்றுவிட்டு 7க்கு இரண்டு அடுக்கு தருகிறது. மற்றது 23ஐச் சேர்த்துக்கொண்டு 7க்கு ஒன்றோடு திருப்தி அடைகிறது. 64250746560இல்தான் 23 முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. அடுத்து வரும் 73329656400இல் 23 இல்லை. 80313433200இல் உண்டு. 97772875200இல் இல்லை, 128501493120இல் உண்டு, 146659312800இல் இல்லை. அதன்பின் 160626866400, 240940299600 இரண்டிலும் 23 இருக்கிறது. இத்தோடு பழைய குடும்பம் ஓய்ந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் கடைசியாக ஒருமுறை எழுகிறது. அந்தக் கடைசி எண்தான் 293318625600. அதற்குப் பிறகு ராமானுஜன் பட்டியலின் இறுதி வரை எல்லா எண்களிலும் 23 இருக்கிறது.

ராமானுஜனிடம் இந்த எண்களைப் பிடிக்க அருமையான கருவி ஒன்று இருந்தது. உயர் பகு எண்களுக்குள்ளேயே சிலவற்றை அவர் தனியே பிரித்து மேலான உயர் பகு எண்கள் என்று வகுத்தார். எண்ணைச் சிறியதோர் அடுக்குக்கு உயர்த்தி, வகுத்தி எண்ணிக்கையை அதனால் வகுக்கும்போது, ஈவு உச்சத்தைத் தொடும் எண்கள் இவை. அந்த அடுக்கைத் தேர்ந்துகொண்டால் போதும், ஒவ்வொரு பகா எண்ணுக்கும் எத்தனை அடுக்கு தருவது என்பதைச் சூத்திரமே சொல்லிவிடும். பகா எண்ணை அந்த அடுக்குக்கு உயர்த்தி, 1ஐக் கழித்து, தலைகீழாக்கி, பின்னப் பகுதியை உதிர்த்துவிட வேண்டும். தேடல் வேண்டாம், ஒப்பிடல் வேண்டாம்.

23 உள்ளே வரும் தருணத்துக்குரிய அடுக்கு ஏறத்தாழ 0.221. அதில் போட்டுப் பார்த்தால் 2க்கு 6.04 வருகிறது, 6 எடுத்துக்கொள்ளலாம். 3க்கு 3.64, அதாவது 3. 5க்கு 2.34, அதாவது 2. 7க்கு 1.86, அதாவது 1. 11 முதல் 23 வரை ஒவ்வொன்று. பெருக்கினால் 321253732800. விடுபட்ட எண்ணுக்கு அடுத்ததாக வரும் அதே எண். மேலான எண்களின் வரிசையில் இதற்கு முந்தையது 13967553600, அதாவது இதையே 23ஆல் வகுத்தது. இடையில் வேறெதுவும் கிடையாது.

விடுபட்ட எண் எங்கே நிற்கிறது என்று இப்போது பாருங்கள். சூத்திரம் 3.64ஐ 3ஆகக் குறைக்கிறது; விடுபட்ட எண் 4ஆக உயர்த்திக்கொள்கிறது. சூத்திரம் 1.86ஐ 1ஆகக் குறைக்கிறது, இது 2ஆக்கிக்கொள்கிறது. அதற்கு ஈடாக 23ஐக் கைவிடுகிறது. 23க்குப் பதில் 3 × 7 = 21. இந்தப் பேரத்தில் எண் 23க்கு 21 என்ற விகிதத்தில் சிறிதாகிறது, வகுத்திகள் 16க்கு 15 என்ற விகிதத்தில் குறைகின்றன. மேலான எண்ணாகத் தகுதி பெற இது போதாது. உயர் பகு எண்ணாக இருக்கப் போதும். சூத்திரத்தின் கண்ணில் படாமல், நேர்த் தேடலில் மட்டுமே அகப்படும் வகை.

அவர் இதை ஏன் விட்டார் என்பதற்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை. படி எடுக்கும்போது ஒரு வரி தவறியிருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் வரி விடுபட்டால் யாருக்கும் உறுத்தாது என்பதைக் கணக்கே காட்டுகிறது. பட்டியலில் உள்ளபடி 160626866400இலிருந்து அடுத்த எண்ணுக்குப் போக ஒன்றரை மடங்கு. அதிலிருந்து அடுத்ததற்கு மூன்றில் நான்கு மடங்கு, அதாவது 4/3. பிறகு 481880599200க்கு மீண்டும் ஒன்றரை மடங்கு. 642507465600க்கு மீண்டும் 4/3. 963761198400க்கு மறுபடி ஒன்றரை. தாளம் பிசகாத நடை. ஒரு 2ஐ எடுத்துவிட்டு ஒரு 3ஐ வைப்பது, 3ஐ எடுத்துவிட்டு இரண்டு 2களை வைப்பது என்று 23 குடும்பத்துக்குள்ளேயே சுற்றிவரும் வரிசை அது. அதன் நடுவே அடுத்த குடும்பத்து எண் ஒன்று வந்து உட்கார வேண்டும் என்று அந்த ஒழுங்கு எந்தக் குறிப்பும் தருவதில்லை. படி எடுத்ததில் தவறியது என்பதைவிட, கை இந்த நடையில் போய்விட்டது என்று நம்பவே எனக்குத் தோன்றுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. பட்டியலின் கடைசி எண்ணான 6746328388800ஐ 23ஆல் வகுத்துப் பாருங்கள். வருவது 293318625600. விட்ட எண்ணை 23ஆல் பெருக்கித்தான் பட்டியலை அவர் முடித்திருக்கிறார், அது தெரியாமலே.

கட்டுரை வந்த கதையையும் சொல்ல வேண்டும். இதை ஆய்வேடாகக் கொண்டுதான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வு வழி பி.ஏ. பட்டம் தந்தது. சென்னையில் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர் அவர். கட்டுரை அச்சேறிய காலத்தில் லண்டன் கணிதச் சங்கம் பண நெருக்கடியில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைப்பதற்காக ஒரு பகுதியை ராமானுஜன் நிறுத்திக்கொண்டார். அந்தப் பகுதி 1988இல் நரோசா வெளியிட்ட 'தொலைந்த குறிப்பேடு' தொகுப்பில் அவர் கையெழுத்திலேயே வெளிவந்தது. 1997இல் ழான்-லூயி நிகோலா, கீ ரொபேன் என்னும் இரு பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் குறிப்புரையோடு அதை அச்சிட்டார்கள். எழுதி எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

அந்தத் தாமதத்தின் விலை சிறியதன்று. ராமானுஜன் அப்பகுதியில் வகுத்திகளின் எண்ணிக்கையோடு நிற்காமல் வகுத்திகளின் கூட்டுத்தொகையையும் ஆராய்ந்திருந்தார். ஓர் எண்ணின் வகுத்திகளைக் கூட்டி, அந்த எண்ணாலேயே வகுத்தால் வரும் ஈவு எவ்வளவு பெரிதாக முடியும்? எண்ணின் இயல்மடக்கைக்கு மறுபடி இயல்மடக்கை எடுத்து 1.781 என்னும் மாறிலியால் பெருக்கினால் ஒரு வரம்பு கிடைக்கிறது. போதிய அளவு பெரிய எண்களுக்கெல்லாம் ஈவு இந்த வரம்புக்குள் அடங்கிவிடும் என்று, ரீமான் கருதுகோளை உண்மை எனக் கொண்டு, அவர் நிறுவியிருந்தார். அது வெளிவராத நிலையில், 1984இல் ரொபேன் ஒரு படி மேலே போனார். 5040க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணும் அந்த வரம்புக்குள் இருந்தால் ரீமான் கருதுகோள் உண்மை. கருதுகோள் உண்மையென்றால் அவை எல்லாம் வரம்புக்குள் இருக்கும். இரண்டும் ஒன்றே. கணிதத்தின் மிகப் பெரிய தீராக் கேள்வி, பள்ளி மாணவருக்கும் புரியும் வகுத்திக் கூட்டலாக வந்து நிற்கிறது. வரம்பு மீறும் கடைசி எண்ணாக அறியப்படுவது பிளேட்டோவின் 5040. அதன் ஈவு 3.838, வரம்பு 3.817. நம் எண்ணுக்கு இதே சோதனையைச் செய்தால் ஈவு 5.599, வரம்பு 5.830. வரம்புக்குள் நிற்கிறது, ஆனால் வெகுதூரம் தள்ளி அல்ல.

5040 இங்கே மீண்டும் வந்ததை வெறும் ஒற்றுமை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் விடுபட்ட எண்ணுக்கும் 5040க்கும் இடையே வேறொரு, நெருக்கமான உறவு உண்டு. எனக்கு இந்த எண்ணின் மேல் பிடிப்பு வந்ததற்கு அதுதான் காரணம்.

உயர் பகு எண் என்பதால் 5040 வகுத்திகளைக் கொண்ட எண்களிலேயே மிகச் சிறியது 293318625600. சரி, 60 வகுத்திகளைக் கொண்ட மிகச் சிறிய எண் எது? 5040. 12 வகுத்திகளுக்கு 60. 6 வகுத்திகளுக்கு 12. 4க்கு 6. 3க்கு 4. ஆக 3, 4, 6, 12, 60, 5040, 293318625600 என்று ஒரு சங்கிலி. ஒவ்வொன்றும் முந்தையதை வகுத்தி எண்ணிக்கையாகக் கொண்ட மிகச் சிறிய எண். தொடக்கத்தில் உள்ள 3ஐத் தவிர எல்லாமே உயர் பகு எண்கள். 102 எண்களின் பட்டியலில் இந்தச் சங்கிலியின் மற்ற உயர் பகு எண்கள் அத்தனையும் இருக்க, உச்சியில் இருப்பது மட்டும் இல்லை.

இதை நான் வலிந்து சேர்க்கவில்லை. வகுத்தி எண்ணிக்கைக்கே மறுபடி வகுத்தி எண்ணிக்கை எடுத்தால் அது எவ்வளவு பெரிதாக வளர முடியும் என்ற கேள்வியை ராமானுஜன் அதே 1915 கட்டுரையில் எழுப்புகிறார். அந்தக் கேள்விக்கு இவ்வளவு அழகான உதாரணம் வேறு கிடையாது: 293318625600க்கு 5040, 5040க்கு 60. கேள்வியைக் கணித அறிஞர்கள் எர்டோஷும் காட்டாயும் பின்னர் எடுத்துக்கொண்டார்கள். துல்லியமான விடை 2012இல்தான் வெளியானது, பட்கேவிட்ஸ், எல்ஷோல்ட்ஸ், ஃபோர்டு, ஷ்லாகே-புக்தா ஆகிய நால்வரின் கட்டுரையில்.

சங்கிலி இதோடு முடிகிறதா என்று கேட்டால், எண்ணாகத் தொடர்கிறது, உயர் பகு எண்ணாகத் தொடரவில்லை. 293318625600 வகுத்திகளைக் கொண்ட மிகச் சிறிய எண்ணைக் கட்ட வேண்டுமானால் அதன் பகாக் காரணிகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் 1ஐக் கழித்து அடுக்குகளாக்க வேண்டும். 19 இருப்பதால் 2க்கு 18, 17 இருப்பதால் 3க்கு 16, பிறகு 5க்கு 12, 7க்கு 10, இப்படியே இறங்கி 61 வரை. கிடைப்பது 75 இலக்க எண். இது உயர் பகு எண் அல்ல என்று காட்ட ஒரு வரிக் கணக்கு போதும். 3இன் பதினாறு அடுக்குகளில் நான்கைக் குறையுங்கள், 81ஆல் வகுத்ததாகும். பதிலுக்கு 67ஐப் பெருக்குங்கள். எண் சிறிதாகிவிட்டது. வகுத்திகளில் 17 என்ற பெருக்கி 13ஆகக் குறைந்தது, 67 வந்ததால் மொத்தம் இரட்டித்தது. ஆக 17 இருந்த இடத்தில் 26.